வெள்ளைப்படுதல்: எல்லோரையும் சோதிப்பதா, எல்லோரிடமும் கேட்பதா?

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் 2 கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களை ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியின் குழு முழுமையாகப் பரிசோதித்தது. அதன் முடிவுகள் 1989-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. பரிசோதிக்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோயோ பால்வினை நோயோ இருந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி பிறப்புறுப்புப் பாதையில் உண்டான தொற்றுகள். இத்தனையையும் சுமந்துகொண்டு வயலுக்கும் அடுப்படிக்கும் நடந்தவர்களில், அதற்கு முன் வாழ்நாளில் ஒருமுறையாவது மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்கூட இல்லை.

கர்ப்பம், பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்காக மட்டுமே பெண்ணின் உடலைப் பார்த்துப் பழகிய நம் பொது சுகாதாரத் துறைக்கு அது பெரிய அடி. அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. 650 பேரில் 55 சதவீதம் பேர் தங்களுக்குத் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். மீதி 45 சதவீதம் பேர் எதுவும் சொல்லவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லை என்றவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் இருந்தது.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: வழக்கமான பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டியதுதானே? எனக்கும் இந்தக் கேள்வி நியாயமானதாகவே படுகிறது. ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் உலகம் முழுவதும் சேர்ந்த சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. அந்தச் சான்றுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊர்ப் பெண்களுக்கு அநியாயம் நேரும். அவற்றை ஒதுக்கிவிட்டாலும் அநியாயம்தான். இரண்டையும் விளங்கிக்கொண்டு ஒரு வழி காண வேண்டியிருக்கிறது.

முதலில் உடலைப் பற்றிக் கொஞ்சம். பருவமடைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாச்சத்து சேர்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டு லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் செழித்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனால் அங்கே அமிலத்தன்மை நிலைக்கிறது. பிஹெச் அளவு 3.8 முதல் 4.5 வரை. இந்த அமிலச் சூழலே பல நோய்க்கிருமிகளுக்குத் தடை. ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-இலேயே இந்த நன்மை செய்யும் பாக்டீரியாக்களைப் பதிவுசெய்தார். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவிலும், கர்ப்ப காலத்திலும், தாம்பத்திய உறவின்போதும் வெள்ளையாகவோ நிறமற்றோ திரவம் கூடுதலாக வருவது இயல்பு. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

இந்தச் சமநிலை குலையும்போது மூன்று நிலைகள் அதிகம் காணப்படுகின்றன. லாக்டோபேசில்லஸ் குறைந்து கார்ட்னெரெல்லா முதலிய பாக்டீரியாக்கள் பெருகினால் பாக்டீரியல் வஜைனோசிஸ். மெல்லிய சாம்பல் வெள்ளைக் கசிவும் மீன் கவிச்சியும் இதன் அடையாளம். கேண்டிடா என்ற பூஞ்சை பெருகினால் கடும் அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பி போன்ற கசிவு. மூன்றாவது டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, உறவின் வழியாகத் தொற்றுவது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 15.6 கோடி பேருக்குப் புதிதாக இது தொற்றியது. சிக்கல் எங்கே என்றால், பாக்டீரியல் வஜைனோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. டிரைக்கோமோனாஸ் தொற்றியவர்களிலும் பெரும்பாலோருக்குத் தெரியாது. கேண்டிடாவோ, நலமாக இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்காவது சும்மா குடியிருக்கும்.

நலமாக இருப்பவர்களைத் தேடிப் பிடித்துச் சோதிப்பது எப்போது சரி என்பதற்கு ஜேம்ஸ் வில்சனும் குன்னர் யுங்னரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் பத்து அளவுகோல்கள் வகுத்தார்கள். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், முன்கூட்டியே கண்டுபிடிக்க நல்ல சோதனை வேண்டும், கண்டுபிடித்தால் பயன் தரும் சிகிச்சை வேண்டும், யாரை நோயாளி என்பது என்பதில் தெளிவு வேண்டும் என்று அந்தப் பட்டியல் போகிறது. யோனித் தொற்றுகள் தடுக்கி விழுவது இந்தக் கடைசி இடத்தில்தான். 2011-இல் ஜாக் ராவெல் குழு, அறிகுறி எதுவும் இல்லாத 396 அமெரிக்கப் பெண்களின் நுண்ணுயிர்களை மரபணு வழியில் ஆராய்ந்தது. அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோரிடம் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கமே இல்லை. அவர்களுக்கு வலியோ வாடையோ புண்ணோ கிடையாது. இனத்துக்கு இனம் இந்த விகிதமும் மாறியது. ஒரு சோதனைத் தாள் அவர்களை எல்லாம் நோயாளிகள் என்று எழுதிவிடும். அவர்களுக்கு மருந்து கொடுத்து எதைக் குணப்படுத்துவோம்?

இதற்கான விடையைக் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள் கறாராகத் தந்தன. பாக்டீரியல் வஜைனோசிஸ் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. ஆகவே எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்து, மருந்து கொடுத்து, குறைப்பிரசவத்தைத் தடுக்கலாம் என்று மருத்துவ உலகம் நம்பியது. அமெரிக்காவில் அறிகுறியற்ற 1,953 கர்ப்பிணிகளிடம் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 12.2 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12.5 சதவீதம் பேருக்கும் குறைப்பிரசவம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். மறு ஆண்டு டிரைக்கோமோனாஸ் தொற்றியிருந்தும் அறிகுறி இல்லாத 617 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு அதிர்ச்சி தந்தது. மருந்து பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம், பெறாதவர்களில் 10.7 சதவீதம் பேருக்கு. ஏன் அப்படி ஆனது என்பதில் இன்றுவரை ஒருமித்த விளக்கம் இல்லை. நன்மை செய்வதாக நம்பித் தருவது தீங்காகவும் முடியலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிரான்சில் 40 மையங்களில் நடந்த ‘ப்ரெமேவா’ ஆய்வு இன்னும் பெரியது. 84,530 கர்ப்பிணிகளைத் தொடக்க மாதங்களிலேயே சோதித்து, தொற்று தெரிந்த 5,630 பேரைக் கண்டறிந்தார்கள். ஆபத்துக் காரணி குறைந்தவர்களுக்குக் கிளிண்டமைசினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். பின்மாதக் கருச்சிதைவும் மிக முன்கூட்டிய பிரசவமும் மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதம், பெறாதவர்களில் 1 சதவீதம். 2018-இல் இது வெளியான பிறகு வாதத்துக்கு அதிக இடமில்லாமல் போயிற்று. குறைப்பிரசவ ஆபத்து கூடுதலாக இல்லாத கர்ப்பிணிகளை இதற்காகச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020-இல் பரிந்துரைத்தது. முன்பே குறைப்பிரசவம் ஆனவர்கள் போன்ற ஆபத்து மிகுந்தவர்கள் விஷயத்தில் இரு பக்கமும் சொல்லப் போதிய சான்றில்லை என்று நிறுத்திக்கொண்டது. இதே பணிக்குழு, கர்ப்பிணிகளின் சிறுநீரில் அறிகுறி இல்லாமல் பாக்டீரியா இருக்கிறதா என்பதைச் சோதிக்கத்தான் சொல்கிறது. அங்கே கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்தால் சிறுநீரகத் தொற்று குறைகிறது. ஆக, சோதனை வேண்டும், வேண்டாம் என்று மொத்தமாகப் பேசுவதில் பொருளில்லை. எந்த நோய்க்கு, யாருக்கு, கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஹெச்ஐவி தொற்றுள்ள பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை டிரைக்கோமோனாஸ் சோதனை செய்வது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பாலியல் தொழிலில் இருப்பவர்கள், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருபவர்கள் ஆகியோருக்கும் சோதனைக்கு நியாயம் இருக்கிறது. ஏனென்றால் பாக்டீரியல் வஜைனோசிஸும் டிரைக்கோமோனாஸும் ஹெச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

இனி நம் பக்கம் வருவோம். மேலே சொன்னவை எல்லாம் பெண்கள் தொந்தரவு என்றால் மருத்துவரிடம் போய்ச் சொல்லும் நாடுகளின் சான்றுகள். ‘அறிகுறி இருந்தால் அவரே சொல்வார், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற அனுமானம் அவற்றின் அடியில் இருக்கிறது. அந்த அனுமானம் இங்கே செல்லாது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகக் கிராமப்புறத்தில் 16 முதல் 22 வயது வரையுள்ள திருமணமான 451 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. 53 சதவீதம் பேர் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். ஆய்வகச் சோதனையில் 38 சதவீதம் பேருக்குத் தொற்று உறுதியானது. தொந்தரவு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எங்குமே சிகிச்சைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள்: பக்கத்து சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவான இடம் இல்லை, தூரம், செலவு, இது எல்லாருக்கும் இருப்பதுதானே என்ற எண்ணம். விவசாயக் கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் பால்வினைத் தொற்று இரு மடங்குக்கும் அதிகமான வாய்ப்பில் காணப்பட்டது. யாருக்குத் தேவை கூடுதலோ அவர்களுக்கே ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வருவதும் கடினம்.

வருகிறவர்களும் சொல்வதில்லை. புறநோயாளிப் பிரிவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் “வேற ஏதும் தொந்தரவு இருக்காம்மா?” என்று மருத்துவர் கேட்கிறார். பின்னால் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள், கூடவே மாமியார். “ஒண்ணுமில்லீங்க டாக்டர், இடுப்பு வலிதான்.” மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போகும் வழியில் செவிலியர் தனியாக அகப்படும்போதுதான் குரல் தாழ்கிறது: “அக்கா, வெள்ளை ரொம்பப் படுது. துணி நனையுற அளவுக்கு. ஊறல் தாங்கல.” உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் குடித்துப் பார்த்து, வாடையைப் போக்க டெட்டால் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவி, இருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்று, மாதக்கணக்கில் பொறுத்த பிறகு வரும் வார்த்தை அது.

அப்படிச் சொன்ன பிறகாவது அவரைப் பரிசோதிக்கிறோமா என்பது அடுத்த கேள்வி. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலில் அறிகுறிகளின் தொகுதியைப் பார்த்துச் சிகிச்சை தரும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஏழு வண்ணங்களில் மருந்துப் பொட்டலங்கள். யோனிக் கசிவுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். பாக்டீரியா, ஒட்டுண்ணி, பூஞ்சை மூன்றுக்கும் ஒரே வேளையில் அடி. ஆய்வகம் இல்லாத இடத்தில், திரும்ப வருவாரா என்று தெரியாத பெண்ணை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க வகுத்த முறை இது. அதை வகுத்தவர்களின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். கிராமத்தில் பல லட்சம் பெண்களுக்கு இது உடனடி நிவாரணம் தந்திருக்கிறது. ஆனால் வெள்ளைப்படுதல் என்ற சொல்லை வைத்துத் தொற்றைக் கணிப்பதில் இந்த முறை பலவீனமானது என்பது உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்ட விஷயம். 2021-இல் அது வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், வசதி உள்ள இடங்களில் ஸ்பெகுலம் என்ற விரிப்புக் கருவியை வைத்துப் பார்க்கவும் மாதிரியைச் சோதிக்கவும் சொல்கிறது.

தனியார் மருத்துவமனையில் பொட்டலத்துக்கு வண்ணம் இல்லை, அவ்வளவுதான். கிளிண்டமைசினும் குளோட்ரிமசோலும் சேர்ந்த, உள்ளே வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. மூன்று மாதம் கழித்துத் தொந்தரவு திரும்பினால் அதே மாத்திரை மறுபடியும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் நடக்கிறது. அதில் பேப் ஸ்மியர் ஓர் அங்கம். கர்ப்பப்பை வாய்ச் செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைத் தேடுவதற்கான சோதனை அது. அறிக்கையில் ‘இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. சில வேளைகளில் கணவருக்கும். அழற்சிக்கான செல்கள் தெரிவதற்கு மாதவிடாய் நெருங்கியது, காப்பர் டி, மாதவிடாய் நின்ற பிறகான வறட்சி என ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். பாக்டீரியல் வஜைனோசிஸையோ டிரைக்கோமோனாஸையோ கண்டுபிடிக்க பேப் ஸ்மியர் நம்பகமான வழியல்ல. அறிகுறி இல்லாத பெண்ணுக்கு அந்த ஒரு வரியை வைத்து மருந்து கொடுப்பது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒருபுறம் ஊறல் தாங்காத கூலிப் பெண்ணை யாரும் பரிசோதிப்பதில்லை. மறுபுறம் எந்தக் குறையும் சொல்லாத நகரத்துப் பெண் நோயாளி ஆக்கப்படுகிறார்.

இரண்டுக்கும் மருந்து மிகப் பழைய ஒரு கருவியில் இருக்கிறது. டிரைக்கோமோனாஸை முதன்முதலில் பார்த்தவர் பாரிஸ் மருத்துவர் ஆல்ஃபிரட் டோன்னே. ஆண்டு 1836. அவர் கையில் இருந்தது நுண்ணோக்கி. இன்றும் அதே வழிதான். ஸ்பெகுலம் வைத்து, யோனியின் பக்கச் சுவரிலிருந்து பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் கசிவை எடுக்கிறார்கள். முதலில் பிஹெச் தாளில் ஒரு தடவல். மஞ்சள் தாள் 4.5-க்கு மேல் போனால் நிறம் பச்சைக்கு நகர்கிறது. பூஞ்சைத் தொற்று என்றால் பெரும்பாலும் நகராது. பிறகு ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புநீர், அதில் கசிவைக் கலந்து கவர் ஸ்லிப் மூடுகிறார்கள். இன்னொரு ஸ்லைடில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது பட்டதும் மீன் கவிச்சி எழுந்தால் ஒரு முக்கியமான தடயம் கிடைத்தாயிற்று.

லென்ஸை 40-க்கு மாற்றிப் பார்க்கும்போது தட்டையான பெரிய செல்கள் தெரியும். அவற்றின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நல்லது. மிளகுத்தூள் அப்பியதுபோல் விளிம்பே தெரியாமல் பாக்டீரியா மொய்த்திருந்தால் அவை ‘க்ளூ செல்கள்’. கார்ட்னரும் டியூக்ஸும் 1955-இல் விவரித்தவை. ஐந்தில் ஒரு செல்லாவது அப்படி இருக்க வேண்டும். மெல்லிய ஒருசீரான கசிவு, உயர்ந்த பிஹெச், கவிச்சி, க்ளூ செல்கள் என நான்கில் மூன்று பொருந்தினால் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது ஆம்செல் குழு 1983-இல் வகுத்த அளவுகோல். பேரிக்காய் வடிவில் ஏதோ ஒன்று வெடுக் வெடுக்கென்று துள்ளி நகர்ந்தால் டிரைக்கோமோனாஸ். ஆனால் பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் அதன் துடிப்பு அடங்கி, வெள்ளணுக்களோடு கலந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். உடனே பார்த்தாலும் இந்த முறையில் பாதிக்குப் பாதி தவறிவிடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் மரபணு வழிச் சோதனை தேவைப்படும், அது பெரிய ஆய்வகங்களில்தான் உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்லைடில் மற்ற செல்கள் கரைந்து, பூஞ்சையின் கிளைத்த இழைகள் மட்டும் மிஞ்சித் தெரியும்.

மொத்தத்தில் பத்து நிமிட வேலை. செலவு சில ரூபாய். ஆய்வகம் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசநோய்ச் சளிக்கும் மலேரியா ரத்தத்துக்கும் வைத்திருக்கும் நுண்ணோக்கி இதற்கும் போதும். லேப் டெக்னீசியனுக்குப் பயிற்சியும், அவர் மேசைக்கும் பரிசோதனை அறைக்கும் இடையே தூரம் குறைவதும்தான் தேவை. அதுவும் முடியாத இடத்தில் ஸ்லைடை உலரவைத்து, கிராம் சாயமிட்டுப் பார்க்க மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். நியூஜென்ட் 1991-இல் தந்த மதிப்பெண் முறைப்படி, 10-க்கு 7-ம் அதற்கு மேலும் வந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று அங்கே முடிவு சொல்லிவிடலாம். கூச்சம் காரணமாகப் பரிசோதனை மேசையில் படுக்க மறுக்கும் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தரலாம் என்பதும், அப்படி எடுத்த மாதிரி பெரும்பாலான சோதனைகளுக்கு நன்றாகவே உதவும் என்பதும் நிரூபிக்கப்பட்டவை.

ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்று வந்தால்? பல மருத்துவர்கள் அங்கே பேச்சை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும். கோவாவில் விக்ரம் படேல் குழு 2,494 பெண்களிடம் நடத்திய ஆய்வில் 14.5 சதவீதம் பேர் வெள்ளைப்படுதல் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். நோய்த்தொற்றோடு அந்தக் குறைக்கு இருந்த உறவைவிட மனச்சோர்வு, பதற்றம், குடும்பத்தில் உள்ள கவலைகளோடு இருந்த உறவு வலுவானது. வெள்ளையாய்ப் போவது உடம்பின் சத்து, எலும்பே உருகிப் போகிறது என்று நம்பும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் அச்சம்தான். அசதி, கைகால் உளைச்சல், தலைசுற்றல் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். வீட்டில் அடி வாங்குகிறேன் என்று சொல்ல முடியாதவர் வெள்ளைபடுகிறது என்று சொல்லிக்கொண்டு வரலாம். அவருக்குப் பச்சைப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினால், அவர் சொல்ல வந்ததைக் கேட்காமலே அனுப்புகிறோம்.

அந்த அச்சத்தை முதலாக்கிக்கொண்டவர்களும் உண்டு. இப்படியே விட்டால் புற்றுநோய் ஆகிவிடும் என்று மிரட்டி, முப்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட கொடுமை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்கள் வழியாக 2019-இல் நாடறிந்தது. ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்கள் பற்றிய பொதுநல வழக்கில், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. பத்து நிமிட ஸ்லைடு சோதனையில் விடை கிடைக்கக்கூடிய ஒரு தொந்தரவு, ஒரு உறுப்பையே பறிக்கும் வரை போயிருக்கிறது.

அடிக்கடி திரும்பும் தொற்றுக்கும் தனிக் கவனம் வேண்டும். பூஞ்சைத் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் மலிந்த தமிழகத்தில் இதைத் தவற விடுவதற்கு மன்னிப்பே இல்லை. இன்னொரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றைக் கூட்டும். 2020 அக்டோபரில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து, விலை சரிந்து, இப்போது எங்கும் எழுதப்படுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை தருபவர் ஒருவர், அரிப்புக்குப் பார்ப்பவர் இன்னொருவர். மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டாவிட்டால் இரண்டும் சந்திப்பதே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களின் எரிச்சல் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வறட்சி. அவர்களுக்கு பிஹெச் இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால் பிஹெச் தாளும் தவறாக வழிகாட்டும்.

கணவரைப் பற்றியும் பேச வேண்டும். டிரைக்கோமோனாஸ் என்றால் இருவருக்கும் சிகிச்சை தர வேண்டும் என்பது எப்போதும் தெரிந்தது. பாக்டீரியல் வஜைனோசிஸில் ஆணுக்குச் சிகிச்சை தேவையில்லை என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2025 மார்ச்சில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு அதை மாற்றியது. 164 இணைகள் பங்கேற்றார்கள். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பியது. ஆணுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் மேல்பூச்சும் கொடுத்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. முடிவு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ‘உன் உடம்பில்தான் ஏதோ கோளாறு’ என்று கேட்டுக்கேட்டுக் குன்றிப்போன பெண்கள் தங்கள் கணவரோடு சேர்ந்து இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

எல்லோரையும் சோதிப்பதா என்ற கேள்விக்கு என் விடை: வேண்டாம். எல்லோரிடமும் கேட்க வேண்டும், ஆம் என்பவரைச் சரியாகச் சோதிக்க வேண்டும். கேட்பதற்கான வாய்ப்பு தமிழகத்தில் ஏற்கெனவே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வு, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயை வெறுங்கண்ணால் ஒருமுறை பார்ப்பதாலேயே புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவதை 2007-இல் காட்டியது. அதே காலத்தில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு இதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுசென்றது. 30 வயதைத் தாண்டிய பெண் அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரைக்குப் பின்னால், ஒரு பெண் செவிலியர் முன் படுக்கிறார். நம் பெண்களில் பலருக்கு வாழ்நாளில் கிடைக்கும் ஒரே தனிமையான பரிசோதனை அது. அந்த நேரத்தில் கேட்கலாம்: அரிப்பு உண்டா, வாடை உண்டா, உறவின்போது வலி உண்டா, அடிவயிறு வலிக்கிறதா, வீட்டில் நிம்மதியாக இருக்கிறீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அங்கேயே பிஹெச் தாள், அங்கேயே ஸ்லைடு. ஐந்துக்கும் இல்லை என்றால் அவரை நலமானவராகவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 30 வயதாகாத பெண்களுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையும் குழந்தைகளின் தடுப்பூசி நாளும் இதே கேள்விகளுக்கான இடங்கள்.

சுகாதாரத் துறைக்கு வேண்டுகோள், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பிஹெச் தாளும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மருந்துப் பட்டியலோடு சேர்த்து அனுப்புங்கள், டெக்னீசியன்களுக்கு இந்த ஸ்லைடைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், கதவு மூடும் ஓர் அறையை உறுதிசெய்யுங்கள். வாசிக்கும் பெண்களுக்கு: தொந்தரவு இருந்தால் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். வாடையுள்ள, நிறம் மாறிய, அரிப்போடு வரும் கசிவுக்கும், உறவுக்குப் பின் ரத்தம் தெரிவதற்கும், காய்ச்சலோடு அடிவயிறு வலிப்பதற்கும் பரிசோதனை கட்டாயம். மருந்துச் சீட்டை வாங்கும் முன் “எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, டாக்டர்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.